நாற்பத்தேழு விநாடி

ஒரு டீயை ஆற்றிக் குடிக்கக்கூடக் காணாது, நாற்பத்தேழு விநாடி. அதற்காகச் சிம்ரனின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தார்கள்.

சிம்ரன் கடமலைக்குண்டுக்காரி. அவள் பிறந்த வருசம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் பதினோரு சிம்ரன்கள் பிறந்தார்கள். அதில் பட்டணத்துக்குப் போய் மெட்ரோ ரயில் ஓட்டுகிறவள் இவள் ஒருத்திதான். சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருந்தால் வேலை நிரந்தரமாகியிருக்கும். அதற்குள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்து தொலைத்தாள்.

காலை எட்டரை மணி, கூட்ட நேரம். ஒரு நிலையத்தில் வண்டி நின்று, ஏறுகிறவர்கள் ஏறி, கதவையும் மூடிவிட்டாள். ஓட்டுநர் அறையில் ஒரு சின்னத் திரை உண்டு, அதில் பிளாட்பாரம் முழுக்கத் தெரியும். கையில் தூக்குவாளியோடு ஒரு பெரியவர் படியிறங்கி ஓடி வந்தது அதில் தெரிந்தது. வேட்டி காலைத் தடுக்க, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போகிறவர் என்று சிம்ரனே முடிவு கட்டிக்கொண்டாள். மூடிய கதவைத் திறந்தாள். பெரியவர் ஏறினார். திறந்த கதவைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள், அவர்களையும் ஏற்றிக்கொண்டாள்.

வண்டி நாற்பத்தேழு விநாடி தாமதமாகக் கிளம்பியது. பின்னால் வந்த வண்டி நிலையத்துக்கு வெளியே நின்றது. அதற்குப் பின்னால் வந்தது அதற்கும் பின்னால் நின்றது. மொத்தம் ஏழு வண்டிகள் பிந்தின என்று கட்டுப்பாட்டு அறையில் பதிவாயிற்று. மறுநாள் கையில் கடிதம் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது.

சிம்ரன் அழவில்லை. துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள். விசாரணை செய்யும் மூன்று பேரில் ஒருவர் வெளியூரில் இருந்ததால் வீடியோவில் பேசினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி.

அவளோடு வேலை பார்க்கும் ஸ்டீவன் முந்தின நாளே போன் செய்து ஒரு வழி சொன்னான். "கதவு சென்சார் மக்கர் பண்ணிச்சு, தானாத் திறந்துக்கிச்சுன்னு சொல்லிரு. எல்லா வண்டியிலயும் எப்பவாவது நடக்குறதுதான். யாரும் துருவ மாட்டாங்க."

"நான் திறந்துட்டுச் சென்சார் மேல பழி போடவா?" என்று சிம்ரன் கேட்டாள்.

"அதுக்கு வாயா இருக்கு, இல்லைன்னு சொல்ல?"

சிம்ரன் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். பொய் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஓடி வருகிற மனுசனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கதவை மூடுவது மனுசத்தனமா என்று அந்த மூன்று பேரையும் பார்த்து நேராகக் கேட்பதாக இருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாள். கேட்டால் கல்லும் கரையும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவள் அப்பா கர்ணன் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து தேனிக்கு மினி பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருசமாக, ஓடி வருகிற ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. ஓடி வருகிறவர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நிறுத்துவார். தாண்டி வந்துவிட்டால் ரிவர்ஸ் எடுப்பார். அந்த பஸ்ஸில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

பயிற்சிக் காலத்திலேயே இது வெளியில் வந்தது. அங்கே சங்கரலிங்கம் என்று ஒரு பயிற்சியாளர். உலகத்து ரயில்களை எல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வியால் பிரித்துப் போடுவார்: ஓடி வருகிறவனுக்காக இது எவ்வளவு நேரம் நிற்கும்? ஜப்பானில் புல்லட் ரயிலின் தாமதத்தை விநாடிக் கணக்கில் அளப்பார்கள், அது யாருக்காகவும் நிற்காது. மெல்போர்னில் டிராம் தெருவோடு தெருவாகப் போகும், ஓட்டுகிறவர் நினைத்தால் நிற்கலாம். பம்பாய் லோக்கல் அரை நிமிடம்கூட நிற்காது, ஆனால் உள்ளே இருக்கிறவன் கையைக் கொடுத்து இழுத்துக்கொள்வான். ஊட்டி மலை ரயில் பல் வைத்த தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற வேகத்தில் அதற்காக ஓடவே வேண்டாம். துபாய் மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது, ஓடி வருகிறவனைப் பார்த்து இரக்கப்பட ஆளே இல்லை. ஹாங்காங்கில் மலையேறும் டிராம் ஒன்று உண்டு. ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு பெட்டி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மேலே இருப்பது ஒரு ஆளுக்காக நின்றால், கீழே இருப்பதும் காரணம் தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்குச் சிம்ரன் கையைத் தூக்கி, "எங்க ஊர் மினி பஸ் எதுல சேரும் சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. "நீங்களே யோசிச்சு ஒருநாள் எனக்குச் சொல்லுங்க" என்றார். இப்போது விசாரணை செய்யும் மூன்று பேரில் அவரும் ஒருவர்.

சனிக்கிழமை காலை. கடமலைக்குண்டில் சிம்ரன் வீட்டுப் பக்கம் போனில் டவர் கிடைப்பதே அதிர்ஷ்டம். அதனால் தேனியில் ஒரு கணினி மையத்தில் சொல்லி வைத்திருந்தாள். எட்டரைக்குக் கிளம்பும் அப்பாவின் பஸ்ஸில் போனால் ஒன்பதே முக்காலுக்குள் தேனி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அவள் சின்ன வயதிலிருந்து உட்காரும் அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் அபிதா, டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போகிற பெண். மடியில் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு காற்றிலேயே விரல்களால் தட்டிக்கொண்டு வந்தாள். பத்தேகாலுக்கு அவளுடைய பேட்ச். விட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஊரைத் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் பஸ் கிளம்பப் போன நேரம், கண்டக்டர் மதன்குமார் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, மாயக்காள் அத்தை வாராக."

மாயக்காள் முருங்கைக்காய்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஓடி வந்தாள். உள்ளபடி சொன்னால் அது ஓட்டமே இல்லை. பஸ் நிற்கும் என்று தெரிந்த ஆள் மரியாதைக்காகக் காலை எட்டிப் போடுவதுதான். கர்ணன் இன்ஜினை அணைத்தார். மாயக்காள் வந்து, கட்டை ஏற்றி, தானும் ஏறி, இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, சுருக்குப்பைய வரப்புல வச்சுட்டு வந்துட்டேன். ஏப்பா கர்ணா, ஒரே எட்டு."

ஒரே எட்டு ஆறு நிமிடம் ஆனது. பஸ்ஸில் ஒருத்தரும் முனகவில்லை. முனகினால் நாளைக்கு அவர் ஓடி வரும்போது என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சிம்ரனும் பேசாமல்தான் இருந்தாள். இந்த பஸ் நிற்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகப் போனில் மணி பார்த்தாள்.

க.விலக்கு நிறுத்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். மணி ஒன்பது முப்பத்தெட்டு. அப்புறம் மதுரை ரோட்டில் தேனியை நெருங்கியபோது ரயில்வே கேட் அவர்கள் கண் முன்னாலேயே இறங்கியது. முன்னால் போன லாரி தாண்டிவிட்டது. இவர்கள் நின்றார்கள்.

"மதுரை ரயிலு" என்றார் கர்ணன். "வழக்கமா இது வாரதுக்குள்ள தாண்டிருவோம். போனாப் போகுது, அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிடம் என்பது பத்தாயிற்று. ரயிலைக் காணோம். பின்னால் பஸ்ஸும் காரும் கரும்பு டிராக்டருமாக வரிசை நீண்டது. மதன்குமார் இறங்கிப் போய், கேட்காரரிடம் ஒரே ஒரு பஸ்ஸை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அபிதாவின் விரல்கள் தட்டுவதை நிறுத்தியிருந்தன. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"அக்கா, ஆறு நிமிசம் முன்னாடி வந்திருந்தா நமக்கு இந்தக் கேட்டே இல்லல்லக்கா?"

சிம்ரனுக்குச் சுருக்கென்றது. மாயக்காளுக்காக நின்றது ஆறு நிமிடம். அது இங்கே வந்து கால் மணி நேரமாக வளர்ந்து நிற்கிறது. பின்னால் நிற்கிற அந்த வரிசையில் எத்தனை அபிதா இருக்கிறார்களோ! அன்றைக்குத் தன் வண்டிக்குப் பின்னால் நின்ற ஏழு வண்டியிலும் யார் யார் இருந்தார்கள்? யாருக்குப் பரீட்சை, யாருக்கு ஆபரேஷன்? தூக்குவாளி திரையில் தெரிந்தது. அவர்கள் தெரியவில்லை. தெரியாததால் அவர்கள் இல்லை என்றே நினைத்துவிட்டாள். ஹாங்காங் கயிறு தன் வண்டியிலும் கட்டியிருந்தது, கண்ணுக்குத் தெரியாமல்.

மணி பத்து. போனில் டவர் நன்றாகவே இருந்தது. இனிக் கணினி மையமாவது ஒன்றாவது! சிம்ரன் முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அந்த ஜன்னலோரத்திலேயே இணைப்பைத் தொட்டாள். திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் ஒரு மேடம், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரி, இன்னொரு பக்கம் சங்கரலிங்கம். பஸ்ஸுக்குள் அத்தனை பேச்சும் அடங்கியது.

"சிம்ரன், எங்க இருக்கீங்க?" என்றார் மேடம்.

"தேனியில மேடம். மினி பஸ்ஸுக்குள்ள. ரயில்வே கேட் மூடியிருக்கு."

சங்கரலிங்கம் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். கண்ணாடிக்கார அதிகாரி காகிதத்தைப் புரட்டினார்.

"கதவு மூடின பிறகு மறுபடி திறந்திருக்கு. சென்சார்ல ஏதாவது கோளாறா?"

பொய்க்கான கதவை அவள் தட்டாமலே அவர்கள் திறந்துவிட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரயில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பஸ்ஸில் கர்ணன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் மகளையே பார்த்தார்.

"கோளாறு ஒண்ணுமில்ல சார். நான்தான் திறந்தேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார். ஒரு பெரியவர் ஓடி வந்தார்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சங்கரலிங்கம் முதல் தடவையாகப் பேசினார். "சரி. நாளைக்கு அதே பெரியவர், அதே தூக்குவாளியோட ஓடி வர்றார். என்ன செய்வீங்க?"

சிம்ரன் வாயைத் திறந்தபோது ரயில் ஊதியது. காது அடைக்கிற ஊதல். ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் கையைக் காட்டினாள். மேடத்தின் உதடு அசைந்தது. "ரயில் போகட்டும், காத்திருக்கோம்" என்று சொன்னது போலிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாக மதுரை ரயில் கடந்தது. ஜன்னலோரம் ஒருத்தி பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டில் நிற்கிறவர்களைப் பற்றி அதில் ஒருவருக்கும் கவலையில்லை. கவலைப்படாததால்தான் அது இந்த மட்டுக்காவது வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பேச்சு முழுவதும் அந்த ரயிலோடு போய்விட்டது. சிம்ரன் அதைத் தேடவும் இல்லை.

சத்தம் ஓய்ந்தது.

"மூடுவேன் சார்" என்றாள்.

"அன்னைக்கு ஏன் மூடல?"

"அடுத்த வண்டிய நம்பல சார். எங்க ஊருல இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது பதினொண்ணு அம்பதுக்கு. அது வந்தாலும் வரும், வராட்டியும் வராது. அதனால எங்கப்பா நிப்பாட்டுவாக. அது சரிதான். அங்கன எனக்குப் பின்னாலயே நாலு நிமிசத்துல இன்னொண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு. அது வந்துரும்னு அந்தப் பெரியவருக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். ஓட்டுற எனக்குத்தான் தெரியல. ஓடி வந்த ஒருத்தரப் பாத்தேன், பின்னால நின்ன ஆயிரம் பேரப் பாக்கல. தப்பு என்னோடதுதான் சார்."

திரையில் மேடம் எதையோ எழுதிக்கொண்டார். தப்பு என்ற சொல் மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை. முருங்கைக் கட்டைத் தாண்டி எட்டிப் பார்த்து, போனுக்குள் முகத்தை நுழைத்தாள்.

"அய்யா, சாமி, அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லய்யா. பஸ்ஸு நின்னது என்னால. சுருக்குப்பைய விட்டுட்டு வந்தவ நானு."

"யாரும்மா இது?" என்றார் மேடம்.

"இன்னைக்கு ஓடி வந்தவக மேடம்."

இந்தத் தடவை சங்கரலிங்கம் மீசையால் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. மூன்று பேரும் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பஸ்ஸில் எல்லோரும் அந்த வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட் மேலே ஏறியது. பின்னால் நின்றவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். கர்ணன் கியரில் கை வைத்தார், ஆனால் போடவில்லை.

"வண்டிய எடுங்கப்பா" என்றாள் சிம்ரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அபிதாவுக்குப் பரீட்சை இருக்கு."

பஸ் தண்டவாளத்தின் மேல் குலுங்கிக் கடந்துகொண்டிருந்தபோது மேடத்தின் குரல் வந்தது. "திங்கட்கிழமை காலை டியூட்டிக்கு வாங்க. நிரந்தரம் ஆகிறது மூணு மாசம் தள்ளிப் போகும். அதுல மாற்றம் இல்லை."

"சரிங்க மேடம்."

"சிம்ரன்," என்றார் சங்கரலிங்கம், "மினி பஸ் எதுல சேரும்னு கேட்டீங்களே?"

"எதுலயும் சேராது சார். அடுத்த வண்டி இல்லாத ஊருக்குன்னு அது தனி."

அவர் தலையாட்டிக்கொண்டே மறைந்தார். பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. மதன்குமார் விசிலை ஊதித் தள்ளினான். அபிதா பரீட்சை நடக்கும் பள்ளி வாசலில் இறங்கி ஓடினாள். கடைசி ஆளாக அவளை உள்ளே விட்டார்கள் என்று சாயங்காலம் தெரிந்தது. அதுவரை சிம்ரனுக்குச் சோறு இறங்கவில்லை.

சிம்ரனுக்கு வேலை நிரந்தரமானது மார்கழியில். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் லீவில் வந்தவள் மறுபடி அதே ஜன்னலோரம் உட்கார்ந்து தேனிக்குப் போனாள். கர்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டு வந்தார். போன மாதம் மகளைப் பார்க்கப் பட்டணம் போன கதை. ஊரில் இதைக் கேட்காத காது இல்லை. இருந்தாலும் மதன்குமார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல் கேட்டான்.

"அங்கன படிக்கட்டு தானா ஓடுதப்பா. அது ஓடுறது பத்தாம நானும் அது மேல ஓடுறேன், தோள்ல தேங்காய் மூட்டையோட. வண்டி நிக்குது. ஓட்டுறது எம்மக. அதுக்குள்ள டிவி வச்சிருக்காக, அதுல நான் தெரிவேன். கையத் தூக்கிக் காட்டுறேன், இந்தா வந்துட்டேன்னு. மூஞ்சிக்கு நேராக் கதவ மூடிட்டா!"

சிம்ரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தக் கை அவளுக்குத் தெரியும். அப்பாவின் பஸ்ஸைப் பார்த்து ஊரே தூக்கும் கை அது. அன்றைக்குத் திரையில் அது அப்பாவின் கையாகவே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினாள். வண்டி ஒரு விநாடிகூடப் பிந்தவில்லை.

"அப்புறம் என்னண்ணே செஞ்சீக?" என்றான் மதன்குமார்.

கர்ணன் பதில் சொல்ல வாயெடுத்தவர் பிரேக்கை மிதித்தார். தோட்டத்துப் பாதையில் முருங்கைக்காய்க் கட்டோடு மாயக்காள் வந்துகொண்டிருந்தாள். இன்ஜின் அணைந்தது. சிம்ரன் எழுந்து போய்ப் படியில் நின்று கட்டை வாங்கி உள்ளே வைத்தாள்.

"சுருக்குப்பை இருக்கா அத்தை?"

"இருக்குத்தா, இருக்கு" என்று இடுப்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்த மாயக்காள், பஸ்ஸில் எல்லோரும் கர்ணனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். "என்ன, கதவ மூடுன கதையா? எங்கன நிக்குது?"

"கதவ மூடிட்டா" என்றான் மதன்குமார்.

"அடியாத்தீ. பெத்த அப்பன்னு பாக்கலயா? அப்புறம் என்னப்பா செஞ்ச கர்ணா?"

கர்ணன் இன்ஜினை முடுக்கினார். கண்ணாடியில் மகளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருசமாக ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போகாத அந்த மனுசன் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"என்ன செய்ய? மூட்டைய இறக்கி வச்சுட்டு மணியப் பாத்துக்கிட்டு நின்னேன். நாலு நிமிசம், பத்து செகண்டு. அடுத்த வண்டி வந்து நின்னுச்சுக்கா. உக்கார எடமும் இருந்துச்சு."